பெயர் மாறலாம், பொருள் மாறலாகாது: நிரல் மறுசீரமைப்புக் கருவிகளும் அவற்றின் விளக்க ஆவணமும்

சேலம் மாநகரின் வடபால் நிமிர்ந்து நிற்கும் மலைத்தொடரைத் தமிழர் சேர்வராயன் மலை என்பர். ஆங்கிலேயர் நாவில் அது 'ஷெவராய்' ஆயிற்று. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் அடையும் ஊர் ஏற்காடு. ஏரியும் காடும் இணைந்தமைந்த பெயர் அஃது என்பர். அதுவும் ஆங்கில எழுத்தில் 'யெர்காட்' என்று ஒலிக்குமாறே இன்றளவும் எழுதப்பட்டு வருகின்றது. இவ்விரு பெயர்களையும் தமிழ் ஒலிப்புக்கு இணங்கத் திருத்தி, அவை வழங்கும் இடங்களிலெல்லாம் ஒரே நாளில் புதிய வடிவத்தைப் புகுத்த ஒருவர் விரும்பினால், அவர் எங்குத் தொடங்க வேண்டும்? எங்கெல்லாம் கை வையாது விட வேண்டும்?

இது கற்பனை வினா அன்று. 2020-ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. கோயம்புத்தூர், வேலூர் முதலியவற்றுக்குப் புதிய எழுத்துக்கூட்டல் தரப்பட்டது. அவ்வெழுத்துக்கூட்டல் முறையைப் பலரும் குறை கூறவே, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நன்றே, எனினும் திரும்பப் பெற்றதும் நன்றே என்பது இக்கட்டுரையாளர் கருத்து. எழுத்துக்கூட்டலில் அறிஞர் ஒருமனப்பட்ட பின்னும் தீராத வினாக்கள் பல எஞ்சி நிற்கும். நூறாண்டுப் பழமையுடைய கிரயப் பத்திரத்தில் உள்ள பெயரை என் செய்வது? தொடர்வண்டி நிலையத்தின் சுருக்கக் குறியை மாற்றுவதா? ஒரு நிறுவனம் தன் பெயரோடு சேர்த்துப் பதிவு செய்துகொண்ட ஊர்ப்பெயரை அரசு மாற்றலாமா?

கணிப்பொறி நிரல் எழுதுவோர் இத்தகைய வினாக்களை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். இலட்சக்கணக்கான வரிகளைக் கொண்ட நிரலில், ஒரு பெயரையோ ஓர் அமைப்பையோ மாற்ற வேண்டி வரும். நிரலின் புறவடிவம் மாறலாம். அது செய்யும் பணி இம்மியும் மாறலாகாது. இவ்வாறு பயன் மாறாது வடிவத்தை மட்டும் திருத்துவதையே 'மறுசீரமைப்பு' என்கின்றோம். இதனைத் தானாகச் செய்து முடிக்கும் கருவிகள் உள்ளன. அக்கருவிகளை இன்று மனிதர் மட்டுமன்றிச் செயற்கை நுண்ணறிவு முகவர்களும் எடுத்து இயக்குகின்றன. அவற்றுக்கென விளக்க ஆவணம் எழுதுவது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். தமிழ்த்துறை மலருக்கு இப்பொருள் பொருந்துமோ என ஐயுறுவோர் சற்றுப் பொறுத்தருள்க. இதன் சிக்கல் பெரும்பாலும் இலக்கணச் சிக்கலே.

ஒரு பெயர், நான்கு பொருள்

சேர்வராயன் என்பது மலையின் பெயர். அம்மலையுச்சியில் உள்ள குகைக் கோயிலில் வழிபடப்பெறும் தெய்வத்தின் பெயரும் அதுவே. அத்தெய்வத்தின் பெயரைத் தம் பெயராகத் தாங்கியோரும் சேலம் வட்டாரத்தில் உண்டு. நான்காவதாக, காம்பிள் என்னும் தாவர இயலார் இம்மலையின் பெயராலேயே ஒரு சிறு மரத்துக்கு 'வெர்னோனியா செவராயென்சிஸ்' எனப் பெயர் சூட்டினார். மலையின் பெயரைத் திருத்தும் அதிகாரம் பெற்ற ஒருவர், தெய்வத்தின் பெயரிலோ மனிதர் பெயரிலோ கை வைத்தல் முறையன்று. எழுத்து ஒன்றே ஆயினும் சுட்டும் பொருள் வேறு.

அந்த மரத்தின் வரலாறு நம் பொருளுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். பின்வந்த தாவர இயலார் அதனை 'மோனோசிஸ்' என்னும் பேரினத்துக்கு மாற்றினர். பேரினப் பெயர் மாறியது. 'செவராயென்சிஸ்' என்னும் சிற்றினப் பெயர் மாறவில்லை. முதலில் பெயரிட்ட காம்பிளின் பெயரும் அடைப்புக்குறிக்குள் நிலைபெற்றது. பழைய முழுப்பெயர் அழிக்கப்படாது, ஒத்தபெயர் என்ற தகுதியோடு தாவரப் பட்டியல்களில் தொடர்கின்றது. ஆதலின் பல்லாண்டுகளுக்கு முன் ஒட்டிய உலர்தாவரத் தாளையும் நேற்று எழுதிய ஆய்வேட்டையும் ஒன்றோடொன்று பொருத்திக் காண இயல்கின்றது. எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது, மாற்றிய பின் பழையதை எங்கு வைப்பது ஆகிய மூன்றும் தாவரப் பெயரீட்டு விதிகளில் முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளன. நிரல் உலகிலும் தேர்ந்தோர் இவ்வாறே செய்வர். பழைய பெயரை உடனே நீக்காது, 'இனி வழக்கொழியும்' என்ற குறிப்போடு சில காலம் உடன் வைத்திருப்பர்.

தேடி மாற்றுதல் போதாதோ எனச் சிலர் வினவலாம். தமிழ் மாணவர்க்கு இதற்கு விடை கூறுதல் எளிது. ஒரு கட்டுரையில் 'ஏற்காடு' என்பதை 'ஏரிக்காடு' என மாற்றுமாறு கணிப்பொறியைப் பணித்தோம் என்க. எழுவாயாக நின்ற ஏற்காடு மாறும். ஏற்காட்டில், ஏற்காட்டுக்கு, ஏற்காட்டின் ஆகியவை மாறாது நிற்கும். குற்றியலுகர ஈற்றுப் புணர்ச்சியில் டகரம் இரட்டுவதை எழுத்துக்களை மட்டும் ஒப்பிடும் பொறி அறியாது. மறுதலையாக, 'மலை' என்பதைக் 'குன்று' என மாற்றப் பணித்தால் திருமலை நாயக்கர் 'திருகுன்று நாயக்கர்' ஆகிவிடுவார். மலையாள மொழி 'குன்றுயாள மொழி' ஆகிவிடும். முன்னது குன்றிய மாற்றம். பின்னது மிகுந்த மாற்றம். மறுசீரமைப்புக் கருவியோ எழுத்தைப் பாராது இலக்கணத்தைப் பார்க்கும். நிரல் முழுவதையும் சொல் சொல்லாகப் பகுத்து, இது பெயர், இது வினை, இப்பெயர் இன்ன எல்லைக்குள் வழங்குவது என ஒரு மரவடிவில் அமைத்துக்கொண்ட பின்னரே மாற்றத்தில் இறங்கும். பதவுரை எழுதும் ஆசிரியர் பாடலைச் சொற்பிரித்துக் கொண்டு தொடங்குவதை இதனோடு ஒப்பிடலாம்.

முன்நிபந்தனை

இத்துறைக்கு முறையான அடிப்படை வகுத்தவருள் வில்லியம் ஆப்டைக் முதன்மையானவர். அமெரிக்க நாட்டின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1992-இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்நிபந்தனைகளை வகுத்தது. எந்நிலையில் ஒரு மாற்றம் செய்யத்தக்கது, எந்நிலையில் செய்யலாகாது என்பதே அவருடைய வினா. அப்பல்கலைக்கழகத்திலேயே டான் இராபர்ட்சும் ஜான் பிராண்டும் 'ஸ்மால்டாக்' மொழிக்கென மறுசீரமைப்புக் கருவியொன்றை ஆக்கினர். 1999-இல் மார்ட்டின் ஃபௌலரின் நூல் வெளிவந்த பின் இக்கலை உலகெங்கும் பரவியது. ஆயினும் பரவியபோது மாற்றம் செய்யும் வழிகள் பரவிய அளவுக்கு முன்நிபந்தனைகள் பரவவில்லை. கருவிகளுக்கு எழுதப்பட்ட விளக்கங்கள் பல, கருவி என்ன செய்யும் என்று விரித்துரைத்து, எப்போது செய்யாது என்பதில் வாய்மூடி நிற்கின்றன.

தமிழோடு நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். 'பைத்தான்' என்னும் நிரல்மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 திசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி முதல் நாளோடு முடிவுற்றது. பழைய நிரல்களைப் புதிய பதிப்புக்கு மாற்ற 'டூ-டு-திரீ' என்னும் கருவி உடன் வழங்கப்பட்டது. பல்லாயிரம் நிரல்களை அது கரையேற்றியது, அதில் ஐயமில்லை.

இனித் 'தமிழ்' என்னும் சொல்லைக் கொள்வோம. நம் கணக்கில் அதற்கு எழுத்து மூன்று: த, மி, ழ். ஒருங்குறியிலோ மகரமும் இகரக் குறியும் தனித்தனி, ழகரமும் புள்ளியும் தனித்தனி. ஆதலின் குறியீடுகள் ஐந்து. அவற்றை யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள், மொத்தம் 15. பைத்தான் இரண்டாம் பதிப்பில் யுடிஎஃப்-8 கோப்பில் இச்சொல்லை வெறும் மேற்கோள் குறிக்குள் எழுதி நீளம் கேட்டால் 15 என்று விடை வரும். மூன்றாம் பதிப்பில் 5 என்று வரும். பழைய நிரலாளர் ஒருவர், சொல்லின் முதலெழுத்தைப் பெற முதல் மூன்று பைட்டுகளை வெட்டி எடுத்தார் எனக் கொள்க. அன்று அவருக்குத் 'த' கிடைத்தது. டூ-டு-திரீ கொண்டு மாற்றிய பின் அதே வரி 'தமி' என்று தரும். கருவி அவ்வரியைத் தொடவே இல்லை. தொடாமையே பிழைக்குக் காரணம். அகராதி ஒன்றின் அகரவரிசை அவ்வரியைச் சார்ந்திருந்தால், பிழைச் செய்தி ஒன்றும் தோன்றாமலே வரிசை முழுவதும் குலைந்துபோகும். (தமிழெழுத்தை மூன்றென்றே எண்ணித் தரும் செயற்கூறு 'ஓப்பன்-தமிழ்' என்னும் திறமூலத் தொகுப்பில் உள்ளது. தமிழுக்கு நிரல் எழுதுவோர் அதனை அறிந்திருத்தல் நலம்.)

மேலும் ஒன்று. பழைய பதிப்பில் அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி வேண்டியதில்லை. புதியதில் அது கட்டாயம். கருவி அடைப்புக்குறியைச் சேர்த்துத் தரும். மாற்றிய கோப்பின்மீதே அதனை மறுபடி இயக்கினால், சேலம், ஏற்காடு என இரு சொற்களை அச்சிடும் வரிக்கு இன்னோர் அடைப்புக்குறி சேர்ந்துவிடும். அப்போது இரு ஊர்ப்பெயர்களும் தனித்தனியே அச்சாகாமல், மேற்கோள் குறி, காற்புள்ளி, அடைப்புக்குறி யாவும் சூழ ஒரே தொகுதியாக வெளிப்படும். மனிதர் ஒருமுறை இயக்கி நிறுத்துவார். முகவர் அவ்வாறன்று, விளைவில் ஐயம் தோன்றினால் மீண்டும் இயக்கிப் பார்ப்பது அதன் இயல்பு.

புதிய கேட்போர்

செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது யாது? பேரளவு மொழிமாதிரி ஒன்றுக்குக் கட்டளை இயக்கவும் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் கருவிகளைத் தந்து, ஒரு பணியைப் படிப்படியாகத் தானே செய்து முடிக்குமாறு விடுத்தால் அதுவே முகவர். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் நெறிமுறைப்படி, ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும் விளக்கத்தையும் தான் ஏற்கும் உள்ளீடுகளின் வடிவையும் முகவருக்கு அறிவிக்கின்றது. முகவர் அவ்விளக்கத்தைப் படித்தே எதனை எடுப்பது என முடிவு செய்கின்றது. கருவியின் அகத்தே நுழைந்து காண்பதற்குப் பெரும்பாலும் அதற்கு வாய்ப்பில்லை. விளக்கம் பொய்த்தால் தேர்வும் பொய்க்கும்.

முகவரே நிரல் எழுத வல்லதாயிற்றே, அதற்குக் கருவி எதற்கு என்று கேட்கலாம். ஆயிரம் இடங்களில் ஒரே மாற்றத்தைச் செய்ய நேர்ந்தால், முகவர் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது இடங்களில் சரியாகச் செய்து ஓரிடத்தில் தன் போக்கில் எழுதிவிடக்கூடும். அவ்வோரிடத்தைக் கண்டுபிடிப்பது அரிது. கருவியோ ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விளைவைத் தரும்; தவறினாலும் ஒரே வகையில் தவறும். தேர்ந்தெடுப்பது முகவரின் பணி, செய்து முடிப்பது கருவியின் பணி என்று பிரிப்பதே தக்கது. இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக நிற்பது ஆவணம்.

நூலுக்குப் பாயிரம் வகுத்த நம் இலக்கணிகள் இங்கே கைகொடுப்பர். பவணந்தி முனிவர் நன்னூலில், சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டிய செய்திகளை எட்டு என்றும், காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்றும் காட்டுவார். அவ்வெட்டனுள் 'கேட்போர்' ஒன்று. இந்நூல் யாருக்கு உரியது என்பதை நூலின் வாயிலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. இன்று கேட்போர் மாறினர். ஆவணம் எழுதுவோரிற் பலர் அம்மாற்றத்தை இன்னும் உணர்ந்திலர்.

மனிதக் கேட்போர் எழுதாததையும் அறிவர். 'இதைப் பழைய கோப்பில் ஓட்டாதே' என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லியிருப்பார். முகவருக்குப் பக்கத்து மேசை இல்லை. எழுதியதே அதன் உலகம். எழுதியதை அஃது ஏறத்தாழ ஐயமின்றி நம்பும். அதன் நினைவுக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு நேரத்தில் அது கருத்திற் கொள்ளும் உரைக்கு வரம்பு இருப்பதால், நன்னூலார் குற்றமெனச் சுட்டிய மிகைபடக் கூறல் இங்கே உண்மையான இழப்பைத் தரும். 'வலிமை வாய்ந்த', 'எளிமையான', 'உலகத் தரமான' போன்ற அடைமொழிகள் விற்பனைத் தாளுக்கு உரியன. ஆவணத்தில் அவை இடத்தை அடைக்கும், வேறொன்றும் செய்யா.

புலவர்க்கு அழகு தருவது ஆவணத்துக்கு ஊறு செய்யும் இடமும் உண்டு. யானையை ஓரடியில் களிறு என்றும் மறுவடியில் வேழம் என்றும் பாடினால் கேட்போர் மகிழ்வர். ஆவணத்தில் ஒரே பொருளை ஓரிடத்தில் 'கோப்பு' என்றும் பிறிதோரிடத்தில் 'ஏடு' என்றும் மற்றோரிடத்தில் 'ஆவணம்' என்றும் எழுதினால், முகவர் மூன்று பொருள்கள் உள எனக் கொள்ளக்கூடும். கூறியது கூறல் குற்றமே. ஆயினும் ஒரு பொருளுக்கு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஆளுதல் இங்குக் குற்றமன்று, கடமை.

எழுதிக் காட்டல்

டூ-டு-திரீ கருவிக்கு ஒரு வரி விளக்கம் எழுதச் சொன்னால் பலரும் இவ்வாறு எழுதுவர்: 'பைத்தான் 2 நிரல்களைப் பைத்தான் 3 நிரல்களாக எளிதில் மாற்றித் தரும் கருவி.' இது பொய்யன்று. எனினும் இதனைப் படித்த முகவர் அகரவரிசை குலைந்ததை அறியாமலே 'பணி முடிந்தது' என்று அறிவிக்கும். அதே கருவிக்குப் பின்வருமாறு எழுதலாம்:

'இக்கருவி பைத்தான் 2 நிரலின் தொடரமைப்பை மட்டும் பைத்தான் 3-க்கு ஏற்ப மாற்றும். மேற்கோள் குறிக்குள் உள்ள உரை எழுத்துக்களாகக் கொள்ளத்தக்கதா, பைட்டுகளாகக் கொள்ளத்தக்கதா என்பதைத் தீர்மானிக்காது. குறி ஏதுமின்றி இயக்கினால் மாற்றங்களைத் திரையில் காட்டும், கோப்பில் எழுதாது. டபிள்யூ குறியோடு இயக்கினால் கோப்பில் எழுதும். பழைய கோப்பின் படியொன்றையும் வைக்கும். ஒரு கோப்பின்மீது ஒருமுறை மட்டும் இயக்குக. முன்னரே மாற்றப்பட்ட கோப்பின்மீது இயக்கற்க. உரையின் நீளத்தை அளக்கும் வரிகளும் உரையை வெட்டும் வரிகளும் இருப்பின், அவற்றைப் பட்டியலிட்டு மனிதரிடம் காட்டுக, தானாகத் திருத்தற்க. இயக்குமுன் பைத்தான் 2-இல் சோதனைகள் யாவும் வெற்றி பெறுதல் வேண்டும். சோதனைகளே இல்லையெனில் அதனைத் தெரிவித்து நிறுத்துக.'

முதல் வடிவத்தினும் இது பன்மடங்கு நீண்டது. ஆயினும் இதில் நீக்கத்தக்க சொல் மிகச் சிலவே. இதன் தொடர்களில் பெரும்பாலானவை கருவி செய்யாதவற்றையும் முகவர் செய்யலாகாதவற்றையும் கூறுகின்றன. ஆப்டைக் வகுத்த முன்நிபந்தனைகள் இவ்வாறு ஆவணத்துக்குள் மீண்டு வருகின்றன. 'மனிதரிடம் காட்டுக' என்னும் தொடரை அச்சத்தால் எழுதியதாகக் கொள்ளற்க. 'தமிழ்' என்பதில் எழுத்து மூன்றா, ஐந்தா, பதினைந்தா என்பது அந்நிரல் எதற்கு எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. பதிப்பாசிரியர் வேண்டுவது மூன்று. சேமிப்பகக் கணக்கர் வேண்டுவது பதினைந்து. அதனை நிரலின் தொடரமைப்பிலிருந்து பெற இயலாது. அந்நிரலுக்கு உரியவரையே கேட்டறிதல் வேண்டும்.

இத்தகைய ஆவணம் எழுதுவதற்கு நிரல் அறிவு வேண்டும் என்பது உண்மை. அது மட்டும் போதும் என்பது உண்மையன்று. சூத்திரத்தைச் சுருக்கமும் தெளிவும் குன்றாமல் அமைக்கவும், அதற்கு விதிவிலக்கைப் புறனடையாக எழுதவும், ஒரு சொல்லின் பொருள் எல்லையை வரையறுக்கவும் பயின்ற தமிழ் மாணவர், கணிப்பொறித் துறை மாணவரோடு இருந்து இப்பணியில் ஈடுபடலாம். ஒருவர் கருவியை இயக்கிக் காட்ட, மற்றவர் 'இப்பெயர் வேறு பொருளையும் சுட்டுமோ? இரண்டாம் முறை இயக்கினால் என்னாகும்?' என்று வினவிக்கொண்டே எழுதினால், முற்காட்டிய விளக்கம் போன்ற ஒன்றை ஒரு பிற்பகலில் எழுதி முடிக்கலாம்.

பாயிரத்துச் செய்திகளுள் காலம் என்பதும் ஒன்று என மேலே கண்டோம். ஆவணத்தில் அதிகம் மறக்கப்படுவதும் அதுவே. 2024 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.13 பதிப்பிலிருந்து டூ-டு-திரீ கருவி நீக்கப்பட்டுவிட்டது. அதனை இயக்குமாறு கூறும் பழைய குறிப்புகளோ நீங்கவில்லை. அவற்றைப் படிக்கும் முகவர் இல்லாத கருவியைத் தேடும். கிடைக்காதவிடத்து அதே பெயரை ஒத்த பிறிதொன்றை நிறுவ முற்படவும் கூடும். ஆதலின் மேற்காட்டிய விளக்கத்தின் தலைப்பில் இன்னும் ஒரு வரி சேர்த்தல் வேண்டும்: 'பைத்தான் 3.12 வரையுள்ள பதிப்புகளோடு மட்டும் வருவது, 3.13 முதல் இல்லை.'